ஸ்டேஷனுக்குக் கொடுத்த வீடு

ஊரில் அவளை எல்லோரும் டிக்கெட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ரயிலைக் கண்ணால் பார்த்திராத பொடிசுகள்கூட அப்படித்தான். அவளைவிட மூத்தவரான மருந்துக்கடைக்காரர், "என்ன டிக்கெட்டக்கா, இன்னைக்கும் வண்டி லேட்டா?" என்று கேட்டுச் சிரிப்பார். வண்டி வருவது நின்றே பல வருஷம் ஆகியிருந்தது. அவளும் சளைக்காமல், "கிளம்பிடுச்சாம், வந்துக்கிட்டே இருக்கு," என்பாள்.

அப்பா பாயிண்ட்ஸ்மேன். தண்டவாளம் இரண்டாகப் பிரிகிற இடத்தில் நெம்புகோலை இழுத்து, வண்டியை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ திருப்பிவிடுகிற வேலை. ஸ்டேஷனை ஒட்டி ரயில்வே கட்டிய லைன் வீடுகள் இருந்தன. ஒரே நீளக் கூரை, வீட்டுக்கு வீடு பொதுச்சுவர், எல்லாவற்றிலும் இன்ஜின் கரி. அதில் கடைசி வீடு அவர்களுடையது. அவளும் தம்பியும் அங்கேதான் பிறந்தார்கள். அம்மா போய்ச் சேர்ந்தபோது தம்பிக்குச் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போடக்கூடத் தெரியாது. அன்றிலிருந்து அவனுக்கு அவள் பாதி அக்கா, பாதி அம்மா. அடிப்பதும் அவள்தான், அடித்துவிட்டு ஒளிந்துகொண்டு அழுவதும் அவள்தான்.

அப்பாவுக்குப் பிறகு அவளுக்கு டிக்கெட் கவுண்டரில் வேலை கிடைத்தது. தம்பி வளர்ந்து அப்பாவின் நெம்புகோலுக்கே போய் நின்றான். நெட்டையான ஆள். பேசும்போது ஒரு கை தானாக மேலே போய்விடும், பேசி முடிக்கும்வரை இறங்காது. அதனால் சிக்னல் மரத்தின் பெயரையே அவனுக்கு வைத்துவிட்டார்கள்: கைகாட்டி. அவனுக்குக் கல்யாணம் ஆனபோது டிக்கெட்டக்கா தன் துணிமணிகளை ஒரு பெட்டியில் அடைத்துக்கொண்டு, மருந்துக்கடைக்குப் பின்னால் ஒரு அறைக்கு வாடகைக்குப் போனாள்.

"நீ எதுக்குக்கா போற? இது உன் வீடும்தானே?" என்று தம்பி கேட்டான்.

"புதுசாக் கல்யாணம் ஆன வீட்டுல நாத்தனார் தும்மினாக்கூட சண்டை வரும்டா. நான் அங்க இருந்து தும்மிக்கிறேன்."

அவளுக்கு வந்த வரன்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போயின. கடைசியில் ஊர் அதையும் கேலியாக்கி முடித்துவைத்தது. அவள் ஸ்டேஷனைக் கட்டிக்கொண்டவளாம். அவள் அதற்குக் கோபப்பட்டதில்லை. அழகான ஸ்டேஷன்தான் அது. கருங்கல் சுவர், ஓட்டுக் கூரை, பிளாட்பாரத்தில் கொடியும் பூவுமாக வார்த்த இரும்புத் தூண்கள். கவுண்டரின் மரப்பலகையில், காசு தள்ளித் தள்ளி மனிதக் கைகள் ஒரு பள்ளமே உண்டாக்கியிருந்தன. பக்கத்தில் சரக்குக் கொட்டகை. கொஞ்சம் தள்ளி, இன்ஜினுக்குத் தண்ணீர் கொடுத்த இரும்புத் தொட்டி, நான்கு கால்களில் யானைபோல நிற்கும்.

பாதையை மூடியபோது ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள், தந்திக் கருவிகளை எடுத்துப்போனார்கள். கவுண்டர் அறையின் சாவியை மட்டும் யாரும் கேட்கவில்லை. அவளும் கொடுக்கவில்லை. ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் கடைக்குப் போகுமுன் ஸ்டேஷனைத் திறந்து, பெருக்கி, பூட்டிவிட்டுப் போவாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. லைன் வீடுகளில் மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட, தம்பி மட்டும் மனைவியோடு கடைசி வீட்டிலேயே இருந்தான். கரிப்புகையும் தூசியும் அவன் நெஞ்சில் குடியேறியிருந்தன. லேசான வேலை ஏதாவது கிடைத்தால் செய்வான், இருமல் வந்தால் படுத்துக்கொள்வான்.

ஒருநாள் காலை அவள் துடைப்பத்தோடு போனபோது சரக்குக் கொட்டகை மேல் ஆட்கள் நின்று ஓடுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ரயில்வே அந்த இடம் முழுவதையும் ஒரு கிடங்குக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டதாம். லாரிகள் வந்து திரும்ப மைதானம் வேண்டுமாம். முதலில் கொட்டகை, அடுத்து ஸ்டேஷன்.

டிக்கெட்டக்கா சத்தம் போடவில்லை. கவுண்டர் அறைக்குள் போய் உள்ளே தாழ்போட்டுக்கொண்டு, ஜன்னல் பலகையை மட்டும் தூக்கி வைத்து, நாற்காலியில் உட்கார்ந்தாள். மேஸ்திரி வந்து குனிந்து பார்த்தார்.

"அம்மா, வெளிய வாங்க. இதை இடிக்கணும்."

"எந்த ஊருக்கு?"

"என்னது?"

"டிக்கெட் எந்த ஊருக்குன்னு கேட்டேன். டிக்கெட் எடுக்கலைன்னா நகருங்க, பின்னால ஆள் நிக்குது."

மேஸ்திரி திரும்பிப் பார்த்தார். பின்னால் நிஜமாகவே ஆள் நின்றது. மருந்துக்கடைக்காரர். அவருக்குப் பின்னால் ரிட்டயரான டிராயிங் வாத்தியார். சற்று நேரத்தில் செய்தி கடைத்தெரு முழுக்கப் பரவி, வரிசை பிளாட்பாரம் தாண்டிப் போய்விட்டது. தம்பி எல்லோருக்கும் முன்னால் நின்று, கையைத் தூக்கிக்கொண்டு, "எங்கக்கா உள்ள இருக்கு. ஓட்டுமேல எவனாவது கை வச்சீங்க, தெரியும் சேதி!" என்று கத்தினான். கத்தின வேகத்தில் இருமல் வந்து, இரும்புத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். அன்று வேலை நின்றது.

அதற்குப் பிறகுதான் குழு என்று ஒன்று உண்டானது. மருந்துக்கடைக்காரர் தலைவர். டிராயிங் வாத்தியார் கட்டடங்களை ஒவ்வொரு கோணத்திலிருந்தும் வரைந்தார். டிக்கெட்டக்கா ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாள். தம்பி உடம்பைக் கொடுத்தான். தண்டவாளத்தில் மண்டிக்கிடந்த புதரை வெட்டினான். பிரித்த ஓடுகளைத் திரும்ப வேய்ந்தான். தூண்களின் துருவைச் சுரண்டி, ஒவ்வொரு பூவுக்கும் தனித்தனியாகப் பெயிண்ட் அடித்தான். டாக்டர் தூசி ஆகாது என்றிருந்தார். அக்கா திட்டினால், "சும்மா படுத்தாலும் இருமறேன். இங்க இருமினா ஒரு வேலையாவது ஆகுது," என்பான். அந்த மாதங்களில் இருவரும் சின்னப் பிள்ளைகளைப்போல இருந்தார்கள். மத்தியானம் தம்பி மனைவி லைன் வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவருவாள். மூவரும் பயணிகள் அறையின் நீள பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

பழங்காலக் கட்டடங்களைக் கவனிக்கும் துறையிலிருந்து ஒரு அதிகாரி அம்மா பார்வையிட வந்தாள். நல்ல மனுஷி. எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தாள். "இங்க முக்கியமானவங்க யாராவது வந்திருக்காங்களா? அப்படி ஏதாவது இருந்தா மேல எழுத வசதியா இருக்கும்," என்றாள். டிராயிங் வாத்தியார் எங்கோ தேடிப்பிடித்துவைத்திருந்தார். அந்தக் காலத்தில் ஒரு கவர்னர், தன் வண்டி பழுதாகி இங்கே இறங்கி, பயணிகள் அறையில் டீ குடித்திருக்கிறார். அதிகாரி அம்மா முகம் மலர்ந்து குறித்துக்கொண்டாள்.

அடுத்த முறை அவள் வந்தபோது முகத்தில் மலர்ச்சி இல்லை. பயணிகள் அறையில் குழுவைக் கூட்டி வைத்துப் பேசினாள். கம்பெனியோடு பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறதாம். ஸ்டேஷன், கொட்டகை, தண்ணீர்த் தொட்டி மூன்றும் அப்படியே நிற்கும், சர்க்காரே செப்பனிடும். ஆனால் லாரிகள் கிடங்குக்குப் போக ஒரு ரோடு வேண்டும். அந்த ரோடு லைன் வீடுகள் இருக்கிற இடத்தில்தான் வரும்.

"லைன் வீட்டுல ஆள் இருக்கே?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"ஒரே குடும்பம்தானே. மாத்து வீடு தருவாங்க, அதை நான் வாங்கித் தர்றேன். இதுக்கு நீங்க ஒத்துக்கலைன்னா என்னால ஆகாது. கோர்ட்டுக்குப் போவாங்க, மொத்தமும் போயிடும். பதிலை இப்பவே கையோட சொல்லிட்டா நல்லது."

எல்லோரும் டிக்கெட்டக்காவைப் பார்த்தார்கள். டிராயிங் வாத்தியார்தான் மெதுவாகச் சொன்னார்: "அது நீங்க பொறந்த வீடு. நீங்க வேண்டாம்னா வேண்டாம். நாங்க ஒண்ணும் நினைக்க மாட்டோம்."

திறந்திருந்த கதவு வழியே தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. அதன் ஏணியில் நின்று தம்பி பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். ஒரு குரல் கொடுத்தால் இறங்கி வந்திருப்பான். அவள் குரல் கொடுக்கவில்லை. கூப்பிட்டால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். பார்த்தால் தன்னால் எதுவும் சொல்ல முடியாமல் போய்விடும் என்று தோன்றியது. ஒழுகுகிற கூரை, ஓதம் ஏறிய சுவர், அவன் நெஞ்சுக்கு அந்த வீடே ஆகாது, புது வீடு கிடைத்தால் நல்லதுதானே. இப்படியெல்லாம் தனக்குத்தானே வேகவேகமாகச் சொல்லிக்கொண்டாள்.

"ஸ்டேஷன் நிக்கட்டும்," என்றாள்.

அவன் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவளே போய்ச் சொன்னாள். அவன் பிரஷ்ஷைக் கழுவுவதை நிறுத்தவில்லை. முழுவதும் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"அந்த கவர்னர் நம்ம வீட்டுக்கு வந்து டீ குடிச்சிருக்கணும்கா. இடம் மாறிப் போயிட்டாரு மனுஷன்."

"டேய்..."

"எப்ப முடிவாச்சு?"

"இப்பதான். உள்ள."

"நான் மேல நின்னுக்கிட்டு இருக்கும்போதா?"

அவள் தலையாட்டினாள். அவன் பிரஷ்ஷை உதறித் துணியில் துடைத்தான். எப்போதும் மேலே போகிற அந்தக் கை மடியிலேயே கிடந்தது.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா நானே சரின்னு சொல்லியிருப்பேன்கா. எனக்கும்தானே இது ஸ்டேஷன்."

எழுந்து தண்டவாளத்தைத் தாண்டி வீட்டுக்குப் போனான். பெயிண்ட் டப்பாவின் மூடியைக்கூட ஒழுங்காக மூடி வைத்துவிட்டுத்தான் போனான். மறுநாள் அவன் வேலைக்கு வரவில்லை. அதற்கப்புறம் ஸ்டேஷன் படியை மிதிக்கவே இல்லை.

மாற்று வீடு சொன்னபடி கிடைத்தது. ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்தில், மூன்றாவது மாடியில். லிஃப்ட் வைக்க இடம் விட்டிருந்தார்கள், லிஃப்ட் வைக்கவில்லை. டிக்கெட்டக்கா அதிகாரி அம்மாவிடம் ஓடினாள். "தரை வீடு தரச் சொல்லுங்க மேடம், அவனால படி ஏற முடியாது." அந்த அம்மா நிஜமாகவே முயன்றாள். தரை வீடுகள் எல்லாம் ஏற்கனவே யார் யாருக்கோ போயிருந்தன. தம்பி ஒரு நாள் ஏறினான், படிக்குப் படி உட்கார்ந்து. ஏறினவன் ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் இறங்குவான் என்று ஆயிற்று.

லைன் வீடுகளை இடித்த அன்று ஸ்டேஷனில் கொத்தனார் வேலை நடந்துகொண்டிருந்தது. சாவி அவளிடம் இருந்ததால் அவள் வராமல் இருக்க முடியவில்லை. இயந்திரம் கூரையைத் தூக்கியதும் வீடுகளின் உள்பக்கம் வெட்டவெளியாய்த் தெரிந்தது. மானம் போனதுபோல இருந்தது அவளுக்கு. கடைசி வீட்டின் அடுக்களைச் சுவரில் அப்பா அடித்த நீலம், அதன்மேல் தம்பி கல்யாணத்துக்கு அவள் அடித்துக் கொடுத்த பச்சை. அந்தச் சுவர் ஒரே தள்ளில் விழுந்துவிட்டது. அவ்வளவு லேசாக விழும் என்று அவள் நினைக்கவில்லை.

சாயங்காலம் கொத்தனார் வந்து, "பிளாட்பாரச் சுவருக்குக் கல் பத்தலைக்கா. அந்த இடிச்ச லைன் வீட்டுக் கல்லும் இதே ஜாதிக் கருங்கல்லுதான், எடுத்துக்கட்டுமா? வீணாத்தானே போகுது," என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவள் சரி என்றாள். சுவர் கட்டி முடிந்தபின் பார்த்தால், ஒரு கல்லின் ஓரத்தில் கொஞ்சம் பச்சை ஒட்டிக்கொண்டிருந்தது. கொத்தனார் அதைச் சுரண்ட வந்தார். "விடுங்க," என்றாள்.

வாரம் தவறாமல் தம்பியைப் பார்க்கப் போனாள். முதல் தடவை போனபோது அவன் கதவைத் திறந்து சொன்னான்:

"வாங்க. உட்காருங்க."

அவளுக்கு முதலில் புரியவில்லை, பின்னால் வேறு யாராவது வருகிறார்களோ என்று திரும்பிப் பார்த்தாள். பால்பல் விழாத வயதிலிருந்து 'வா, போ' என்று கூப்பிட்ட வாய். சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பாள், கதவைச் சாத்தியிருந்தால் கதவைத் தட்டியிருப்பாள். இந்த மரியாதையை என்ன செய்வதென்று தெரியவில்லை. "நல்லா இருக்கீங்களா?" என்றான். "டீ குடிங்க," என்றான். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான். அவன் மனைவி இருவருக்கும் நடுவே டீ டம்ளரோடு தவித்துக்கொண்டு நின்றாள்.

"டேய், என்னைத் திட்டிடுடா," என்று ஒருமுறை அவள் கெஞ்சியே விட்டாள்.

"எதுக்கு? நீங்க ஒண்ணும் தப்பு பண்ணலையே," என்றான். அதைக் குத்தலாகக்கூடச் சொல்லவில்லை.

ஸ்டேஷன் வேலை முடிந்து திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார்கள். அந்தச் சமயம் பார்த்துத் தம்பி ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டான். டிக்கெட்டக்கா கூடவே இருந்தாள். அவன் கண்ணை மூடியே கிடந்தான், தண்ணீர் கொடுத்தால் குடித்தான். விழா நாளன்று காலை மருந்துக்கடைக்காரர் ஆள் அனுப்பினார். மந்திரி வருகிறார், சாவி கொடுக்க அவள் வேண்டும். அவள் போகமாட்டேன் என்றாள். தம்பி மனைவிதான், "இன்னைக்கு மூச்சு பரவாயில்ல அண்ணி. போயிட்டு வந்துடுங்க. நீங்க இல்லாம அங்க என்ன விழா?" என்று அனுப்பிவைத்தாள்.

ஊரே திரண்டிருந்தது. மந்திரி ரிப்பன் வெட்டினார். டிக்கெட்டக்கா கவுண்டரில் உட்கார்ந்து, ஸ்டேஷனைச் சுற்றிப்பார்ப்பதற்கான முதல் டிக்கெட்டை நீட்ட வேண்டும், போட்டோ எடுப்பார்கள் என்று ஏற்பாடு. உட்கார்ந்தாள். கைதட்டல் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே மந்திரியின் முகத்துக்குப் பின்னால் மருந்துக்கடைக்காரர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. அவர் முகம் மாறியது. அவளைப் பார்த்தார். உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். அவள் டிக்கெட்டை நீட்டிய கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். போட்டோக்காரன், "அக்கா, இந்தப் பக்கம் பாருங்க, கொஞ்சம் சிரிங்க," என்றான். அந்தப் படம்தான் மறுநாள் பேப்பரில் வந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு தம்பி மனைவி வெளியூரில் இருக்கும் தன் அண்ணன் வீட்டோடு போய்விட முடிவு செய்தாள். பஸ் இப்போது ஸ்டேஷன் வாசலிலிருந்துதான் புறப்படும். கிளம்புகிற அன்று மழை. பைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். இருவரும் பயணிகள் அறை பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"என்மேல கோபமாவே போயிட்டானாம்மா?" என்று டிக்கெட்டக்கா கேட்டாள்.

"கோபம் இல்ல அண்ணி. கோபம்னா தீர்ந்திருக்கும். அவருக்கு வருத்தம்." தம்பி மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அன்னைக்கு நீங்க போனதும் கண்ணைத் திறந்தார். 'அக்கா எங்க'ன்னார். ஸ்டேஷன்ல விழா, போயிருக்காங்கன்னேன். 'ஆமா, அங்கதான் இருப்பா'ன்னார். அப்புறம் பேசலை."

டிக்கெட்டக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு. 'இருப்பா'ன்னானா, 'இருப்பாங்க'ன்னானா?"

தம்பி மனைவி அவளைப் பார்த்தாள். ஆறுதலுக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுக்குப் பொய் வராது.

"எனக்கு நினைவில்லையே அண்ணி. குரலே வெளிய வரலை. நானாத்தான் புரிஞ்சுக்கிட்டேன்."

பஸ் வந்தது. டிக்கெட்டக்கா பைகளை ஏற்றிவிட்டு, மழையில் நனைந்தபடி, பஸ் திரும்புகிறவரை நின்றாள்.

ஸ்டேஷனுக்கு இப்போது நல்ல கூட்டம் வருகிறது. கல்யாண ஜோடிகள் பூப்போட்ட தூணில் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். கவர்னர் டீ குடித்த இடத்தில் ஒரு பித்தளைப் பலகை இருக்கிறது. லைன் வீடுகள் இருந்த இடத்தில் ஒரு சின்னப் பலகையாவது வைக்கலாமா என்று டிக்கெட்டக்கா அதிகாரி அம்மாவிடம் கேட்டாள். இருக்கிற கட்டடத்துக்குத்தான் பலகை, இல்லாததற்கு வைக்க விதியில் இடமில்லை என்று அந்த அம்மா சங்கடத்தோடு சொன்னாள்.

அதனால் அவளே வாயால் சொல்கிறாள். வருகிறவர்களுக்குக் கவுண்டர், கொட்டகை, தொட்டி எல்லாம் காட்டி முடித்தபின் பிளாட்பாரத்தின் கோடிக்குக் கூட்டிப்போவாள். அங்கே பார்க்க ஒன்றும் இருக்காது. கம்பிவேலிக்கு அந்தப்பக்கம் லாரிகள் போய்க்கொண்டிருக்கும்.

"அந்த ரோடு இருக்குல்ல, அங்கதான் என் தம்பி வீடு இருந்துச்சு. இந்த ஸ்டேஷனுக்கு பெயிண்ட் அடிச்சது அவன்தான்."

சிலர் மரியாதைக்காக ரோட்டைப் பார்ப்பார்கள். ஒருநாள் ஒரு அம்மாள் மட்டும், "ஏன் இடிச்சாங்க?" என்று கேட்டாள்.

"ரோடு வேணும்னாங்க," என்றாள் டிக்கெட்டக்கா.

அதற்குள் வாசலில் புதிதாக ஒரு குடும்பம் வந்து, கவுண்டரில் ஆளைக் காணாமல் ஜன்னல் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தது. "இதோ வர்றேன்," என்று சொல்லிக்கொண்டே அவள் அந்தப் பக்கம் நடந்தாள்.